ஆறு பத்துக்கு வருகிறவள்

அக்டோபர் 19, வியாழன்

திலகவதி இன்று காலை ஓசூர் பஸ் ஏறிவிட்டாள். இரண்டு பை, ஒரு கூடை. கூடைக்குள் சுக்கு, பூண்டு, பெருங்காயம், பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்த துணிகள். தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான் என்பது வழக்கம். எங்கள் மகள் நிறைமதிக்குத் தாய் வீடு வேண்டாமாம், தாய் மட்டும் போதுமாம். சரி, அது அவர்கள் பாடு.

கடலூர் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டு கடைசி நிமிடத்தில் ஆரம்பித்தாள். "நீங்களும் வாங்களேன். ஏழு மணி நேரந்தான. போயி எட்டிப் பாத்துட்டு வந்துடலாம்."

"சர்வர யாரு பாக்குறது?"

"அதுக்கென்ன, பால் காய்ச்சிக் குடுக்கணுமா?"

பக்கத்தில் நின்ற கண்டக்டர் சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. தொலைபேசி இலாகாவில் முப்பத்தைந்து வருடம் எக்ஸ்சேஞ்சைக் கட்டிக் காத்தவன் நான். பார்த்துக்கொள்ள வேண்டிய பொருள் என்றால் என்ன என்று இவர்களுக்குத் தெரியாது.

எங்கள் வீட்டு சர்வர் ஒரு பழைய லேப்டாப். லினக்ஸ் போட்டது. பெயர் கெடிலம், எங்கள் ஊர் ஆற்றின் பெயர். வீட்டு மெயில், புகைப்படம், கோப்பு எல்லாம் அதில்தான். வெளியார் எவனிடமும் கொடுக்காமல் நம் வீட்டுச் சாமானை நம் வீட்டிலேயே வைத்துக்கொள்வது. வட்டு முழுக்கப் பூட்டு போட்டிருக்கிறேன். திருடன் தூக்கிக்கொண்டு போனாலும் ஒரு எழுத்து படிக்க முடியாது. ஒரே சங்கடம், கரண்ட் போய் அது அணைந்துவிட்டால் மறுபடி எழுப்ப அதன் கீபோர்டிலேயே முப்பத்தோரு எழுத்துக் கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். அது என் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது. லேப்டாப்பின் பேட்டரி செத்து ஒரு வருடம். இன்வெர்ட்டர் நாலு மணி நேரம் தாங்கும். மழைக்காலத்தில் கடலூர் கரண்ட்டை நம்பி நாலு மணி நேரம் யார் வெளியே போவது? ஆகவே நான் போவதில்லை. மூன்று வருடமாகப் போகவில்லை.

அக்டோபர் 20

காலை 6:10. மதி வந்தாள்.

இதைத் திலகவதியிடம்கூடச் சொன்னதில்லை. கெடிலத்துக்குள் யார் வந்தாலும் ஒரு வரி பதிவாகும். யார், எந்த இணைய முகவரியிலிருந்து, எத்தனை மணிக்கு. தினமும் காலை ஆறு பத்துக்கு மதியின் கணக்கு, ஓசூர் வீட்டு முகவரியிலிருந்து. இரண்டு நிமிடம் இருப்பாள், போய்விடுவாள். பேச்சுவார்த்தை நின்று மூன்று வருடம் ஆகிறது. ஆனால் அவள் வராத நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கதவைத் தட்டிவிட்டு, திறப்பதற்குள் தெருமுனைக்கு ஓடிவிடுகிற பிள்ளை மாதிரி.

நேரம் தவறுவதே இல்லை. அந்த ஒழுங்கு என்னிடமிருந்து வந்தது.

அக்டோபர் 24

6:10. வந்தாள்.

ரசம் வைத்தேன். புளி அதிகம். பக்கத்து வீட்டு மெஹருன்னிசா டீச்சர் மதில் வழியாகத் தூக்குச்சட்டியை நீட்டினார். மீன் குழம்பு. நன்றி சொல்லி வாங்குவதற்குள் கேள்வி வந்துவிட்டது.

"ஏன் சார், நீங்க போகலியா? பொண்ணுக்கு மொதப் பிரசவம்."

"வீட்ல வேல இருக்கு டீச்சர்."

"ரிட்டையர் ஆனவருக்கு அப்படி என்ன சார் வேல?"

லினக்ஸைப் பற்றி விளக்க ஆரம்பித்தேன். பாவம், கால் மணி நேரம் மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில், "அப்ப நீங்க அதுக்குக் காவலா, அது உங்களுக்குக் காவலா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். வாத்தியாரம்மா புத்தி.

அக்டோபர் 29, ஞாயிறு

6:10. வந்தாள்.

ஞாயிறு என்றால் அப்டேட் நாள். பல் தேய்க்காமல் இருந்தாலும் இருப்பேன், அப்டேட் போடாமல் இருக்கமாட்டேன். கதவுகளைச் சரிபார்த்தேன். உலகத்தின் எந்தெந்த மூலையிலிருந்தோ ஒரு நாளைக்கு இரண்டாயிரம் தடவை கெடிலத்தின் கதவை ஆட்டிப் பார்க்கிறார்கள். எல்லாம் மனிதர்கள் இல்லை, இயந்திரங்கள். ஆகவே காவல் போட்டிருக்கிறேன். மூன்று முறை தப்பான கடவுச்சொல் போட்டால் அந்த முகவரிக்கே ஒரு வாரம் தடை. போனவாரம்தான் ஒரு நாள் என்று இருந்ததை ஒரு வாரமாக ஏற்றினேன்.

பாதுகாப்பில் என்னைக் குறை சொல்ல ஒருத்தரும் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு சின்னப் பிரச்சினை வந்தது. அது வெளியிலிருந்து வந்ததில்லை.

நவம்பர் 2

6:10 வரவில்லை.

நவம்பர் 3

வரவில்லை. ஏழு வரை பார்த்தேன். எட்டு வரை. திலகவதிக்கு நாலு தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. ஏதாவது ஆகிவிட்டதா? அல்லது வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாளா? என்ன செய்தேன் நான் இந்த வாரம்? ஒன்றும் செய்யவில்லையே.

நவம்பர் 4

திலகவதி ஒருவழியாக மதியம் கூப்பிட்டாள்.

"ஏங்க, நாலு தடவ அடிச்சிருக்கீங்க. செக்கப்புக்குப் போயிருந்தோம். போன வீட்டுலயே வெச்சிட்டுப் போயிட்டேன், அப்பறம் மறந்தே போச்சு. என்னா ஆச்சு, நெஞ்சு வலியா?"

"மதி நல்லா இருக்காளா?"

"குத்துக்கல்லாட்டம் இருக்கா. உக்காந்தா எந்திரிக்க முடியல, அவ்வளவுதான். ஆமா, உங்க சர்வர் என்னா கெட்டுப் போச்சா? பிரசவ லேகியத்துக்கு அளவு அதுல எழுதி வெச்சிருந்தேன்ல, பாக்கலாம்னு போனா உள்ளவே விட மாட்டேங்குது."

"எப்ப போன?"

"புதன்கெழம சாயந்திரம். பாஸ்வேர்டு போட்டேன், தப்புன்னுது. கேப்பிட்டல்ல போட்டேன், தப்புன்னுது. உங்க பொறந்தநாளப் போட்டேன், அதுவும் தப்பு. அதுக்கப்பறம் ஒண்ணுமே வரல, வெள்ளையா நின்னுபோச்சு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. மூன்று தடவை. நான் வைத்த காவல் ஓசூர் வீட்டையே தடைப்பட்டியலில் போட்டுவிட்டது. அம்மாவும் மகளும் ஒரே வீடு, ஒரே முகவரி. அம்மா தட்டிய தப்புக்கு மகளுக்கும் கதவு சாத்தப்பட்டுவிட்டது. என் கையாலேயே என் பிள்ளைக்கு!

ஒரு வரி தட்டித் தடையை எடுத்தேன். லேகியத்தின் அளவை போனிலேயே படித்துச் சொன்னேன். திலகவதி எழுதிக்கொண்டாள். "இதுக்கு ஒரு துண்டுச்சீட்டு போதுங்க" என்றாள்.

நவம்பர் 5, ஞாயிறு

6:10. வந்தாள்.

அழுதேன். டீ ஆறிப்போனது தெரியவில்லை.

நவம்பர் 12, தீபாவளி

6:10. வந்தாள். பண்டிகை நாளிலும் மறக்கவில்லை.

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். போன வருடத்துச் சட்டையைப் புதுசு மாதிரி போட்டுக்கொண்டேன். திலகவதி போன் செய்தாள். பின்னால் குக்கர் சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம். நடுவில் ஒரு குரல், "அம்மா, போன்ல யாரு?"

"அப்பாதான்டி."

அதற்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்கவில்லை. திலகவதி சும்மா வானிலையைப் பற்றிப் பேசினாள். நானும் வானிலையைப் பற்றிப் பேசினேன்.

வைத்தபின் யோசித்துக்கொண்டே இருந்தேன். அந்தச் சின்னப் பிரச்சினையை இங்கே எழுதிவிடலாம். எழுதினால் நியாயம் என் பக்கம் என்பது தெளிவாகும்.

மூன்று வருடத்துக்கு முன் கெடிலத்தின் வட்டு நிரம்பிவிட்டது என்று எச்சரிக்கை வந்தது. எது இடத்தை அடைக்கிறது என்று பார்ப்பது நிர்வாகியின் வேலை. மதியின் ஃபோல்டர்தான் பெரிசாக இருந்தது. திறந்தேன். படங்கள். ஒரு பையனோடு. பெயர் ஜெரால்டு, தூத்துக்குடிப் பையன், ஓசூரில் கம்பெனி வேலை. மெயிலும் என் சர்வரில்தானே இருக்கிறது, படித்தேன். நிர்வாகி படிக்கலாமா என்றால், பூட்டு என்னுடையது, வட்டு என்னுடையது, வீடு என்னுடையது. அப்பன் நான்.

எழுதியாகிவிட்டது. தெளிவாக ஒன்றும் ஆகவில்லை.

நவம்பர் 16

நேற்றுப் பகல் முழுக்க மழை. தெருவில் முழங்கால் தண்ணீர். மாலை கரண்ட் போய், இன்வெர்ட்டரும் படுத்து, கெடிலம் அணைந்தது. பாலுக்குக்கூட வெளியே போக வழியில்லை. டீச்சர் வீட்டுப் பக்கம்கூட மதில் ஓரமெல்லாம் தண்ணீர்.

இன்று விடிகாலை 5:40க்குக் கரண்ட் வந்தது. அவசரத்தில் முப்பத்தோரு எழுத்தை இரண்டு தடவை தப்பாகத் தட்டினேன். மூன்றாவது தடவை திறந்தது. எல்லாம் எழுந்து நின்றபோது 6:04. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

6:10. வந்தாள்.

பத்து மணிக்குத் திலகவதி. டாக்டர் மாதக் கடைசி என்கிறாராம். "இப்பவாச்சும் கெளம்பி வாங்க. அந்தப் பாஸ்வேர்ட டீச்சர்கிட்ட குடுத்துட்டு வாங்க, கரண்ட் வந்தா அவங்க போட்டு விடட்டும்."

"அதெல்லாம் யாருகிட்டயும் குடுக்கற சமாச்சாரமில்ல."

"அப்ப அத அணச்சுப் போட்டுட்டு வாங்க! நாலு நாளு அணஞ்சிருந்தா குடியா முழுகிடும்?"

எனக்கு அடக்க முடியவில்லை. "அவ கூப்பிட்டாளா திலகம்? மதி வாயால அப்பாவ வரச் சொன்னாளா?"

"இல்லீங்க" என்றாள்.

அப்படியென்றால் சர்வரை நான் பார்த்துக்கொண்டிருப்பதில் என்ன தப்பு?

நவம்பர் 21

6:10. வந்தாள்.

மீதியையும் எழுதிவிடுகிறேன். படித்ததோடு நான் நிற்கவில்லை. மதியின் தாய்மாமன் வைத்தியலிங்கத்தை வரவழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை, இதே கூடத்தில் அவரையும் அவர் மனைவியையும் உட்காரவைத்து, மதியையும் உட்காரவைத்து, அவள் அந்தப் பையனுக்கு எழுதியதை வரி வரியாக வாசித்தேன். நாலு கடிதம். திலகவதி நடுவில் எழுந்து, "போதுங்க, போதும்" என்று என் கையைப் பிடித்தாள். தட்டிவிட்டு வாசித்தேன்.

ஒரு கடிதத்தில் என்னைப் பற்றி எழுதியிருந்தாள். "எங்கப்பா கோபக்காரர், ஆனா என்னை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்" என்று. அதையும் சேர்த்துத்தான் வாசித்தேன்.

மதி அழவில்லை. பத்தாவது நாள் கிளம்பிப் போய் அவனைக் கட்டிக்கொண்டாள்.

நவம்பர் 27, திங்கள்

பேத்தி!

காலை எட்டு மணிக்குத் திலகவதி போன். ஆபரேஷன். தாயும் பிள்ளையும் சௌக்கியம். மூன்று கிலோ நூறு. "உங்க மூக்குங்க. அப்படியே உங்க மூக்கு" என்று சொல்லிவிட்டு அழுதாள். மூன்று மணிக்கு வலி எடுத்ததாம், ஐந்தரைக்குத் தியேட்டருக்குள் கொண்டுபோனார்களாம், 6:22க்குப் பிறந்ததாம்.

தெருவில் இறங்கி நடந்தேன். டீச்சருக்குச் சர்க்கரை கொடுத்தேன். ஸ்வீட் வாங்கக்கூடத் தோன்றவில்லை, டப்பாவிலிருந்த சர்க்கரையையே ஒரு கிண்ணத்தில் கொட்டிக்கொண்டு போனேன். "இப்பவாச்சும் கெளம்புங்க சார்" என்றார். சிரித்து மழுப்பினேன்.

வந்து பதிவைப் பார்த்தேன்.

6:10. மதி. ஓசூர் வீட்டு முகவரி.

தியேட்டருக்குள் போனைக் கொண்டுபோக விடுவார்களா?

நவம்பர் 28

6:10. வந்தாள். ஏதோ ஒரு வழியாக வருகிறாள். போன் வீட்டில் இருந்திருக்கும். ஜெரால்டு எடுத்துப் பார்த்திருப்பான். எல்லாவற்றையும் நோண்டி நோண்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

மாலையில் திலகவதி வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினாள். துணியில் சுற்றிய சின்ன முகம், கண் மூடியிருக்கிறது. மூக்கு என் மூக்குதான், பாவம். கீழே எழுதியிருந்தாள்: மதிக்குத் தெரியாது, நீங்க பாருங்க, யாருக்கும் அனுப்பாதீங்க.

நான் யாருக்கும் அனுப்பவில்லை. கெடிலத்தில், மதியின் ஃபோல்டரில், 'பேத்தி' என்று பெயர் போட்டு வைத்தேன். காலையில் வரும்போது பார்ப்பாள். அப்பாவுக்கு ஆசை இருக்கிறது என்று தெரிந்துகொள்வாள். அனுப்புவது வேறு, வைப்பது வேறு.

நவம்பர் 30

பதினோரு மணிக்குப் போன் அடித்தது. புது நம்பர்.

"அப்பா."

நான் எழுந்து நின்றுவிட்டேன். "மதீ... எப்பிடிம்மா இருக்க? தையல் வலிக்குதா? பாப்பா..."

"பாப்பா போட்டோ எங்க அத்த டேப்லெட்ல எப்பிடி வந்துச்சு?"

"எந்த டேப்லெட்?"

"காலைல அத்த ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு வந்து ஆசையா காட்டுறாங்க. பேத்தின்னு பேரு போட்டு வந்திருக்கு, யாரு அனுப்பினதுன்னு கேக்குறாங்க. நான் இன்னும் யாருக்குமே போட்டோ குடுக்கலப்பா."

"உன் ஃபோல்டர்லதாம்மா வெச்சேன். நீ தெனம் காலைல பாக்குறியே, அதான்..."

"நான் எங்க பாக்குறேன்?"

"ஆறு பத்துக்கு. மூணு வருஷமா. தெனமும் வர்றியேம்மா."

பிள்ளை சிணுங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

"அப்பா, அது என்னோட பழைய டேப்லெட். கல்யாணமாகி வந்த ஒடனே அத்தைகிட்ட குடுத்துட்டேன், ஜெபம் கேக்கறதுக்கு. அதுல அந்த ஆப் இருக்குறதே எனக்கு ஞாபகமில்ல. காலேஜ் கடைசி வருஷம் நீங்கதான டைம் செட் பண்ணிக் குடுத்தீங்க? தெனம் காலைல தானா போயி எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்கும், நீ தொடவே வேணாம்னு."

ஆமாம். நான்தான்.

"நான் அந்தப் பக்கம் வந்ததே இல்லப்பா. எப்பிடி வருவேன்?"

மறுபடி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஒண்ணு கேக்குறேன். என் பேர்ல அங்க என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் அழிச்சிடுங்க. காப்பி எடுத்து வெச்சிருப்பீங்க, அதையும்."

"அழிச்சிட்டா..."

"அழிச்சிட்டா என்ன தருவேன்னு கேக்காதீங்க. ஒண்ணும் தரமாட்டேன். சும்மா அழிங்க."

டிசம்பர் 1

6:10. வந்தது.

எப்படி எனக்குத் தெரியாமல் போயிற்று? ஒரு மனுஷி ஒரு நாள் முன்னே வருவாள், ஒரு நாள் பின்னே வருவாள். உடம்பு சரியில்லாத நாளில் வரமாட்டாள். மூன்று வருடம் ஒரு நிமிடம் பிசகாமல் வருவது இயந்திரம் மட்டும்தான். எக்ஸ்சேஞ்சில் நேற்று வேலைக்குச் சேர்ந்தவனும் சொல்லிவிடுவான். எனக்கு அது வேண்டியிருந்தது, அதனால் தெரியவில்லை. தெரிந்துகொள்ளாமல் இருந்தேன் என்பதுதான் சரி.

இந்த வீட்டைவிட்டு மூன்று வருடம் நகராமல் உட்கார்ந்திருந்தது ஒரு டேப்லெட்டுக்காக. வைத்தியலிங்கம் வீட்டுச் சாவுக்குப் போகவில்லை. திலகவதியின் கண் ஆபரேஷனுக்குப் பாண்டிச்சேரி போனவன் கட்டுப் பிரிப்பதற்குள் அவளைத் தனியே விட்டு ஓடிவந்தேன். வளைகாப்புக்கு யாரும் கூப்பிடவில்லை என்பது வாஸ்தவம். கூப்பிட்டிருந்தாலும் சர்வர் இருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பேன். அவமானமாக இருக்கிறது.

டிசம்பர் 2

மூன்று இடத்தில் இருக்கிறது. கெடிலத்தில் ஒன்று. பீரோவில் ஒரு ஹார்ட் டிஸ்க். இன்னொன்று டீச்சர் வீட்டில். இந்த வீடு வெள்ளத்தில் போனாலும் ஒன்று மிஞ்ச வேண்டும் என்று துணியில் சுற்றி அவர் அலமாரியில் வைத்தது.

முதல் இரண்டையும் காலையிலேயே முடித்துவிட்டேன். சும்மா நீக்கவில்லை. மேலே மேலே குப்பையை எழுதி, எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாதபடி. டேப்லெட்டுக்கான அனுமதியையும் ரத்து செய்தேன்.

மூன்றாவதற்காக டீச்சர் வீட்டு வாசலில் பத்து நிமிடம் நின்றேன். உள்ளதைச் சொல்கிறேன். அது அங்கேயே இருக்கட்டும் என்று தோன்றியது. யாருக்குத் தெரியப்போகிறது? மதி வந்து டீச்சர் வீட்டு அலமாரியைத் திறந்து பார்க்கப் போகிறாளா? என் பிள்ளையின் ஆறு வருடம் அதில் இருக்கிறது. பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று எடுத்த படம், காலேஜ் ஆண்டுவிழாவில் பாடியது. கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு அழித்தால் என்ன?

"என்ன சார், உள்ள வராம நிக்கிறீங்க?"

"அந்த டிஸ்க் வேணும் டீச்சர்."

வாங்கிவந்து சொருகினேன். ஃபோல்டர் திரையில் வந்தது. 'மதி' என்று இரண்டே எழுத்து. ஒரு தட்டு தட்டினால் திறக்கும்.

திறக்கவில்லை. அழிக்கும் கட்டளையைத் தட்டி எண்டரை அமுக்கிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். முடிய மூன்று மணி நேரம் ஆனது. அதுவரை பாத்திரம் தேய்த்தேன். தேய்த்ததையே திரும்பத் தேய்த்தேன். சத்தம் போட்டு அழுதேன், பக்கத்தில் கேட்டிருக்கும்.

டிசம்பர் 3

6:10. யாரும் வரவில்லை. நான் எதற்கு ஐந்தரைக்கே எழுந்தேன்?

திலகவதிக்கு ஒரு வரி அனுப்பினேன். எல்லாம் அழித்தாயிற்று, மதியிடம் சொல்.

டிசம்பர் 6

பதில் இல்லை. அவள் முன்னமே சொல்லிவிட்டாள், ஒன்றும் தரமாட்டேன் என்று.

டிசம்பர் 8

மாலை திலகவதி. "ஏங்க, ஞாயித்துக்கெழம வரச் சொல்றா."

"யாரு?"

"யாருன்னா கேக்குறீங்க? உங்க பொண்ணுதான். சாப்ட்டுட்டு போகட்டும்னா. ஒடனே அது இதுன்னு சாக்கு சொல்லாதீங்க, நான் பொல்லாதவளாயிடுவேன்."

நான் சாக்கு சொல்லவில்லை. கெடிலத்தின் முன் உட்கார்ந்து அணைக்கும் கட்டளையைத் தட்டினேன். விசிறிச் சத்தம் நின்றது. மூன்று வருடமாக, கரண்ட் போன நேரம் தவிர, அந்தச் சத்தம் இல்லாமல் இந்தக் கூடம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனது கேட்டது.

டிசம்பர் 10, ஞாயிறு, ஓசூர்

லேப்டாப் எதுவும் எடுத்து வரவில்லை. ஓசூர் பஸ் நிலையத்தில் ஒரு கோடு போட்ட நோட்டும் பேனாவும் வாங்கினேன். அதில் எழுதுகிறேன். கையெழுத்து கோணல்மாணலாக வருகிறது.

ஜெரால்டு பஸ் நிலையத்துக்கே வந்திருந்தான். "வாங்க மாமா" என்று பையை வாங்கிக்கொண்டான். நான் இந்தப் பையனின் கடிதத்தைப் படித்தவன். அவனை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவன் அம்மா சர்ச்சிலிருந்து வந்த புடவையோடு கையெடுத்துக் கும்பிட்டார். "என்னாலதான் வம்பாயிடுச்சுண்ணே, தெரியாமப் போச்சு" என்றார். அவர் மேல் என்ன தப்பு? நான்தான் கும்பிட்டிருக்க வேண்டும்.

மதி உள்ளறையில் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இளைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள், வேண்டாம் என்று கையைக் காட்டினேன்.

"அழிச்சாச்சா?"

"ஆச்சும்மா. மூணு எடத்துலயும்."

"நான் எப்பிடி நம்புறது?"

வழியெல்லாம் இதற்கு ஒரு பதில் தேடிக்கொண்டு வந்தேன். முப்பத்தைந்து வருட அனுபவத்தையும் உருட்டிப் பார்த்துவிட்டேன். "தெரியல மதி. இருக்குறத இருக்குன்னு காட்டலாம். இல்லாதத இல்லன்னு காட்ட ஒரு வழியும் கெடையாது. நான் சொல்றதுதான்."

"அன்னிக்கு அதப் படிச்சிட்டு என்கிட்ட மட்டும் வந்து கேட்டிருக்கலாம்ல" என்றாள். சண்டை போடும் குரலில் இல்லை.

"தப்பு பண்ணிட்டேன்."

இதைச் சொல்ல மூன்று வருடம் ஆகியிருக்கிறது. மூன்று நொடிகூட ஆகவில்லை சொல்ல. அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அம்மாவைக் கூப்பிட்டாள். திலகவதி வந்து பிள்ளையைத் தூக்கி, நான் கை கழுவினேனா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு, என் மடியில் வைத்தாள். என்ன சூடு, எவ்வளவு சின்ன விரல்! என் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. யாரும் படம் எடுக்கவில்லை. எனக்கும் எடுக்கத் தோன்றவில்லை.

சாப்பாடு முடிந்தபின் நாலு மணி பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. உள்ளறை வாசலில் நாற்காலி போட்டு இந்த நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். மதி பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு மெல்ல நடந்து வந்தாள்.

"என்னப்பா எழுதுறீங்க?"

எனக்கு என்ன தோன்றியதோ, நோட்டை அப்படியே அவளிடம் நீட்டிவிட்டேன். "படிச்சுக்கோம்மா. இன்னிக்கு நடந்ததெல்லாம் இருக்கு. உன்னப் பத்தியும் இருக்கு."

அவள் வாங்கினாள். விரித்திருந்த பக்கத்தை, பார்க்காமலே மூடினாள். என் மடியில் வைத்தாள்.

"அடுத்தவங்க எழுதினத நான் படிக்கிறதில்லப்பா" என்றாள்.